நம்ம ஆளை உட்கார வைத்த கதை

சனிக்கிழமை ஓவிய வகுப்பை இனி நடத்தப்போகும் உங்கள் மூன்று பேருக்கும் வணக்கம்.

போன வாரம் என் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளுக்கு சூப்பர் ஹீரோ வரையக் கற்றுக்கொடுக்கும் படிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுவதில் எனக்குச் சங்கடம் இல்லை, எந்த மொழியில் என்பதுதான் சங்கடம். உங்களில் இரண்டு பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆசிரியர்கள். என் பிஜி இந்தி உங்களுக்குப் பாதிதான் புரியும். இங்கிலீஷில் எனக்குக் கடை போர்டு எழுத வரும், கட்டுரை எழுத வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தமிழ் எழுத்து எனக்குக் கோயில் போர்டுகள் எழுதி எழுதியே வந்தது. அதனால் தமிழ். மூன்றாவது ஆளான, தமிழ் படிக்கத் தெரியாத நம் லவுத்தோக்கா ஊர்ப் பிள்ளைக்கு மற்ற இருவரும் படித்துச் சொல்லிவிடுங்கள்.

படிகள் இவைதான். தலைக்கு ஒரு வட்டம், அதிலிருந்து கீழே முதுகுக்கு ஒரு கோடு. பிறகு கைக்கும் காலுக்கும் குச்சிகள், மூட்டு வரும் இடங்களில் சின்ன உருண்டைகள். பிறகு குச்சிகளுக்குச் சதை. பிறகு உடுப்பு, பூட்ஸ், முதுகுத் துணி, நெஞ்சில் ஓர் அடையாளம். கடைசியில் முகம். சாதாரண மனுஷனை ஏழு தலை உயரம் போட்டால் ஹீரோவை எட்டுத் தலை உயரம் போடுங்கள். முகத்தை முதலில் போட விடாதீர்கள். முகம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் பென்சிலை வைத்துவிடுவார்கள்.

இவ்வளவுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் தாளில் அடங்காத ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஒரு படத்தைப் போட்ட பிறகு அது எங்கே நிற்கிறது, யார் முன்னால் நிற்கிறது என்று பார்க்கிற வேலை. அது பிள்ளைகளுடைய வேலை இல்லை, உங்களுடையது. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு கெட்ட வாரத்தில்.

நாங்கள் ‘கூ’ என்று சொல்வதை நீங்கள் ஆட்சிக் கவிழ்ப்பு என்பீர்கள். எண்பத்தேழில் நடந்தபோது நான் வாலிபன். இரண்டாயிரத்தில் நடந்தபோது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் சொல்வது இரண்டாயிரத்தில் நடந்தது. இந்திய வம்சாவளிக்காரர் ஒருவர் பிரதமராக இருந்த அரசாங்கத்தை, பூர்வகுடி பிஜியர் பெயரைச் சொல்லி முகமூடி போட்ட ஆட்கள் துப்பாக்கி முனையில் பிடித்தார்கள்.

லவுத்தோக்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் கரும்பு நிலங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கட்டியவர்கள் நம் கரும்பு விவசாயிகள். நிலம் பக்கத்துக் கிராமத்துப் பூர்வகுடி பிஜியருடையது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். வார நாளில் நான் கடைகளுக்கு போர்டு எழுதுவேன், பஸ்களுக்குப் பெயர் எழுதுவேன். சனிக்கிழமை அங்கே போய் ஓவியம் கற்றுக்கொடுப்பேன்.

அந்த வருஷம் ரோட்டைப் பார்த்த பக்கவாட்டுச் சுவரில் பெரிய சூப்பர் ஹீரோ ஒன்று போடலாம் என்று ஹெட் டீச்சர் சொன்னார். அவர் புலிலேகா என்ற ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், கரும்புக்காரர் வீட்டுப் பெண். “ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு படி கொடுங்கண்ணே. மொத்தப் பள்ளிக்கூடமும் சேர்ந்து ஒரே ஆளைப் போடட்டும்” என்றார். அப்படியே செய்தோம். ஒரு வகுப்பு குச்சி போட்டது, ஒரு வகுப்பு சதை போட்டது. ஏணி தேவைப்பட்ட இடங்களை, பிள்ளைகள் தாளில் போட்டதைப் பார்த்து நான் போட்டேன். நெஞ்சில் சூறாவளிச் சுழியைப் போட்டவள் மேரே, கிராமத்துப் பிள்ளை. சிவப்பு பூட்ஸ் போட்டவன் ஷால்வின், பள்ளிக்கூட மேனேஜருடைய மகன். எங்கள் ஊரில் பள்ளிக் கமிட்டிக்குத் தலைமையாக இருப்பவரை மேனேஜர் என்போம். அவர் பெயர் நாரணசாமி.

ஹீரோவுக்குப் பெயர் வைப்பதில் சண்டை வந்தது. மூன்று மொழியில் மூன்று பெயர் சொன்னார்கள், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் எல்லோரும் ‘நம்ம ஆள்’ என்றே கூப்பிட்டார்கள். நம்ம ஆளின் வேலை சூறாவளியைத் தடுப்பது. கடலோரப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வில்லன் கிடையாது. காலை அகட்டி நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையை முன்னால் நீட்டி, வருகிற காற்றுக்கு உள்ளங்கையைக் காட்டுவான். முகமும் முகமூடியும்தான் பாக்கி. அப்போதுதான் கூ நடந்தது.

பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மறுபடி திறந்தபோது கிராமத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. யாரும் அவர்களை வரக்கூடாது என்று சொல்லவில்லை. பயம் இரண்டு பக்கமும் இருந்தது. கிராமத்துக்குத் திரும்பும் முனையில் வாலிபர்கள் ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் பேச்சு. நாரணசாமிக்கு ஆஸ்திரேலியாவுக்குப் பேப்பர் வந்துவிட்டது. ஹெட் டீச்சர் தினமும் காலையில் வருகை எடுக்கும்போது கிராமத்துப் பிள்ளைகளின் பெயர்களையும் விடாமல் கூப்பிடுவார். பதில் வராது. ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்.

அந்தச் சமயத்தில் கிராமத்துப் பெரியவர், அவர்களுடைய தலைவர், காலமாகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செமி வந்தார். அவர் கிராமத்து நிர்வாகி, மேரேயின் அப்பா. சுலு என்று எங்கள் ஊரில் வேட்டி மாதிரி ஒன்று கட்டுவார்கள். அன்றைக்கு அவர் கறுப்புச் சுலு கட்டியிருந்தார். கையில் ஒரு டின் வெள்ளைப் பெயிண்ட். வராந்தாவில் ஹெட் டீச்சர், நாரணசாமி, நான் மூவரும் இருந்தோம். நாற்காலி காட்டியும் செமி ஏறி வரவில்லை. கீழே புல்லிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஹெட் டீச்சர் இறங்கிப் போய் அவருக்கு எதிரே புல்லில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து நானும் உட்கார்ந்தேன். நாரணசாமி வராந்தாத் தூணில் சாய்ந்தபடியே நின்றார்.

பேசியதெல்லாம் பிஜி இந்தியில்தான். செமி அதை நம்மைவிட நன்றாகப் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன்.

“நம்ம பெரியவரை வெள்ளிக்கிழமை கொண்டு வர்றோம், டீச்சர். மெயின் ரோடு வரைக்கும் லாரியில. அங்கேருந்து தோள்ல.”

“இந்த வழியாத்தானே?”

“இந்த வழியாத்தான்.”

செமி சுவர் பக்கம் திரும்பவே இல்லை. பெயிண்ட் டின்னை மட்டும் மெதுவாக முன்னால் நகர்த்தி வைத்தார்.

“அவர் போற வழியில யாரும் அவருக்கு மேல நிக்கிறதில்லே. வழியோரம் உக்காந்துடுவாங்க. இது பிள்ளைங்க போட்ட படம்னு எனக்குத் தெரியும். என் மகளும்தான் போட்டா. ஆனா எங்க பையன்க மூஞ்சி இந்த வாரம் சரியில்லே. அவங்க வந்து அழிச்சா அது வேற மாதிரி ஆயிடும். நீங்களே அழிச்சுட்டா நல்லது. பெயிண்ட் நான் கொண்டாந்துட்டேன்.”

“பிள்ளைங்களை எப்போ அனுப்புவீங்க, செமி?”

“வெள்ளிக்கிழமை நல்லபடியா போகட்டும், டீச்சர்.”

அவர் எழுந்து, குனிந்தபடி எங்களைக் கடந்து போனார். உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது அவர்கள் நிமிர்ந்து நடப்பதில்லை. இதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் சுவரில் காலை அகட்டி நிற்பவனோடு அதைச் சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

செமி ரோட்டைத் தாண்டினதும் நாரணசாமி தூணைவிட்டு வந்தார்.

“அழிக்கிறதெல்லாம் நடக்காது. நம்ம பள்ளிக்கூடம், நம்ம சுவர். இன்னிக்குப் படத்தை அழின்னு சொல்றவன் நாளைக்கு பள்ளிக்கூட போர்டை அழின்னு சொல்வான்.”

“நிலம் யாருது மேனேஜர்?” என்றார் ஹெட் டீச்சர்.

“நிலம் அவங்களுது. சுவர் கட்டின சிமெண்ட் பிளாக்கு எங்க அப்பா சுமந்தது. குனிஞ்சு குனிஞ்சு முதுகு கூன் விழுந்தாச்சு டீச்சர், இன்னும் எவ்வளவு குனியறது?”

எனக்குக் கோபம் வந்தது. “நீங்க நல்லா பேசலாம் அண்ணே. இன்னும் ரெண்டு வாரத்தில நீங்க பிரிஸ்பேன்ல. இங்க இருக்கப்போறது நாங்க” என்றேன்.

அவர் வராந்தாப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

“அதுக்குத்தான்டா சொல்றேன். அந்த பூட்ஸ் என் பையன் போட்டது. நாங்க போனப்புறம் எங்க கை பட்டதுன்னு இந்த ஊர்ல வேற என்ன இருக்கப்போவுது? கரும்பா? அதை வருஷா வருஷம் வெட்டிடறாங்க.”

நான், ஒரு பெரிய தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா, வெள்ளிக்கிழமை கழிந்ததும் எடுத்துவிடலாம் என்றேன். ஹெட் டீச்சர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“துணியைப் போட்டா, உள்ள ஒருத்தன் நிக்கிறான்னு எல்லாருக்கும் தெரியும்ண்ணே. மறைஞ்சு நிக்கிறவன்மேல இன்னும் கோபம் வரும். வெள்ளையடிச்சா நம்ம பசங்க, அவங்க அழிக்க வச்சாங்கன்னு சொல்வாங்க. கிராமத்துப் பசங்க திரும்பி வந்தாலும் அவங்க போட்டதும் இருக்காது. ரெண்டும் வேணாம். வேற வழி இருந்தா நாளைக்குச் சொல்லுங்க.”

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஓர் இக்கட்டில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசும்போது, யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். அன்று நான் அவசரப்பட்டு ஒரு மனுஷனைக் குத்திப் பேசினேன். அதனால் சுவரில் ஒரு கோடுகூட மாறவில்லை. நாம் ஓவியம் போடுகிறவர்கள். நம்மிடம் இருக்கும் வழி போய்ப் பார்ப்பதுதான்.

எனக்கு முதல் வேலை கொடுத்த போர்டு கடைக்காரர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எழுத்து முடிந்தது என்று நான் ஏணியில் இருந்து சொன்னால், கீழே இறங்கச் சொல்லி, எதிர்ப்பக்க பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கச் சொல்வார். “ஏணியில இருக்கிறவனுக்கா போர்டு? பஸ்ஸுல போறவனுக்குடா” என்பார். அங்கே போய் நின்றால் நான் அழகு என்று நினைத்த எழுத்து பாதி தெரியாது. அவர் என்னைத் திட்டினதே இல்லை. போய் நிற்கச் சொல்வதோடு சரி.

அன்று சாயங்காலம் நான் ரோட்டுக்குப் போனேன். நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு, வெள்ளிக்கிழமை அந்த ஜனங்கள் இருக்கப்போவது போல ரோட்டோரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது தெரிந்தது. சுவரைவிட ரோடு பள்ளத்தில் இருந்ததால் சிவப்பு பூட்ஸ் இரண்டும் என் தலைக்கு மேலே இருந்தன. அதைவிட மோசமாக இன்னொன்றும் இருந்தது. சூறாவளிக்காக நீட்டின அந்தக் கை, கிராமத்துக்குப் போகும் பாதையைப் பார்த்து நீண்டிருந்தது. மூங்கில் போட்டு வழி மறிக்கும் வாரத்தில், எங்கள் பள்ளிக்கூடமும் தன் பங்குக்கு ஒரு கையை நீட்டி நில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அப்படி நினைத்துப் போடவில்லை. ஆனால் ரோட்டில் போகிறவனுக்குப் பிள்ளைகளின் நினைப்பா தெரியும், கைதானே தெரியும்.

அழிக்கக்கூடாது, நிற்கவும் கூடாது. அப்படியானால் நம்ம ஆள் உட்கார வேண்டும். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் ஹெட் டீச்சரிடம் சொன்னேன். “உக்கார வைக்கிறது நல்லதுதான். ஆனா எப்படி உக்காரணும்னு நமக்கு என்ன தெரியும்? தப்பா உக்கார வச்சா நிக்கிறதைவிட மோசம். போய்க் கேட்டுட்டு வாங்க” என்றார். அலமாரியிலிருந்து காகிதத்தில் சுற்றிய நங்கோனா வேர்க் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த வேரை இடித்துக் கரைத்துத்தான் இங்கே எல்லோரும் குடிப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒன்று கேட்கப் போகிறவன் அதைக் கொண்டுபோக வேண்டும். “கையை வீசிக்கிட்டுப் போயிடாதீங்கண்ணே.”

மூங்கில் போட்ட முனையில் ஆறேழு வாலிபர்கள் இருந்தார்கள். கரும்பு வெட்டும் கத்திகள் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கத்தி எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான், என் வீட்டிலும் உண்டு. இருந்தாலும் அன்று நங்கோனாக் கட்டை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

“பெயிண்டர், எங்க போறே?”

“செமியைப் பாக்கணும்.”

“செமி வேலையா இருக்கார். என்ன விஷயம்?”

சொல்லி விளக்கினால் சண்டையாகும் என்று பட்டது. பக்கத்தில் ஒரு காலி எண்ணெய் டிரம் இருந்தது. அதன்மேல் தாளை வைத்து ஒரு வட்டம் போட்டேன், கீழே ஒரு கோடு இழுத்தேன். அவர்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். எந்த வயசு ஆளாக இருந்தாலும், ஒருவன் படம் போட்டால் என்ன வருகிறது என்று பார்க்காமல் போக முடியாது. இதை நீங்கள் வகுப்பில் நிறையப் பார்ப்பீர்கள்.

“இது அந்தச் சுவர்ல இருக்கிறவன்” என்றான் ஒருவன்.

“ஆமா. வெள்ளிக்கிழமைக்கு அவனை உக்கார வைக்கலாம்னு பாக்கிறேன். எப்படி உக்காரணும்னு கேக்க வந்தேன்.”

நான் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டிப் போட்டேன்.

“காலை நீட்டக்கூடாது” என்றான் இன்னொருவன் உடனே. “ரெண்டையும் மடக்கு.”

“முதுகு இவ்வளவு நிமிர்ந்தா எப்படி? துக்க வீட்டுக்கு வந்தவனா, போட்டோ பிடிக்க வந்தவனா?”

“முதுகுல அந்தத் துணி எதுக்கு? கிராமத்துக்குள்ள தோள்ல எதையும் தொங்கவிட மாட்டோம். எடு.”

“முகமூடியும் வேணாம். இந்த நாட்டுல முகமூடி பார்த்தது போதும்” என்றான் கொஞ்சம் வயசான ஒருவன். அதற்கு மற்றவர்கள் சிரிக்கவில்லை.

“பூட்ஸ். பாய்ல உக்காரும்போது பூட்ஸா?”

“எல்லாத்தையும் கழட்டிட்டா அவனை ஹீரோன்னு யார் சொல்வா? உன் மாமா செரு மாதிரி இருக்கான்.”

இப்போது சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் செமி வந்தார். பின்னால் மேரே. நான் நங்கோனாக் கட்டை இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தேன். சுற்றி வளைக்காமல் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

மேரே அவர் கைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். “அப்பா, துக்க வீட்டுக்கு வர்றவன் கையில ஒண்ணுமே கொண்டு வரலியே” என்றாள்.

“சூப்பர் ஹீரோதானே, ஒரு மாட்டைத் தூக்கிட்டு வரட்டும்” என்றான் ஒரு வாலிபன்.

“மண்ணெண்ணெய் டிரம்” என்றான் இன்னொருவன்.

“ஒரு பாய் போதும்” என்றாள் மேரே.

செமி தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்குப் பிள்ளைங்களை அனுப்பறேன், பெயிண்டர். அவங்க போட்ட ஆள். அவங்கதான் உக்கார வைக்கணும்.”

வியாழக்கிழமை காலையில் கிராமத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஹெட் டீச்சர் அன்றும் பெயர் கூப்பிட்டார். மேரே பெயர் வந்ததும் பதில் வந்தது. டீச்சர் பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து எழுதினார்.

செமி கொடுத்த வெள்ளைப் பெயிண்ட் நின்ற உருவத்தை மூடப் போதுமானதாக இருந்தது. மூடுவதற்கு முன்னால் ஷால்வினைக் கூப்பிட்டேன். அவன் தன் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். நகரவில்லை.

“அழிக்கப் போறீங்களா, மாமா?”

“மத்ததைத்தான். இதை இல்லே. வீட்டுக்குள்ள போறவன் செருப்பை எங்க விடுவான்?”

“வாசல்ல.”

“அப்போ இவன் பூட்ஸ் வாசல்ல இருக்கட்டும். பாயை அதுக்குப் பின்னால, உள்பக்கம் போடலாம். காலுதான் உள்ள இல்லே. அதனால மேல ஓட்டை தெரியணும், கறுப்பா. அதை நீ போடு.”

அவன் தூரிகையை வாங்கிக்கொண்டான். ஆனால் மனசு ஆறவில்லை. “உக்காந்திருக்கிற ஹீரோவா? இவன் என்னத்தைச் சண்டை போடுவான்?” என்றான்.

மேரே பாய்க்குக் கோடு இழுத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். “அவன் வேலைக்கு வரலே. வீட்டுக்கு வந்திருக்கான்.”

நாரணசாமி பத்து மணிக்கு வந்தார். பெயிண்ட் சொட்டுகள் பூட்ஸ்மேல் விழாமல் இருக்க ஒரு துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே, சாயங்காலம் வரை மகனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் செவ்வாய்க்கிழமை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அந்த மூலையில இன்னொரு கோட் வெள்ளை அடி, பழைய கை தெரியுது” என்றார். அது சரிதான், தெரிந்தது. அடித்தேன்.

எல்லா வகுப்பும் தங்கள் படியை மறுபடி போட்டன. வட்டம், கோடு, மடங்கின குச்சி, சதை. மேரே தன் சுழியை மறுபடி நெஞ்சில் போட்டாள். முகமூடி இல்லாத முகம் என்பதால் எப்படிப்பட்ட முகம், எப்படிப்பட்ட முடி என்ற கேள்வி வரும், அதில் சண்டை மூளும் என்று நான் பயந்திருந்தேன். வரவில்லை. தலை குனிந்திருந்தது. குனிந்த தலைக்கு நெற்றியும் இமையும் போதும். முடியைப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள். அது யாருடைய முடி மாதிரியும் இல்லை, எல்லோருடையது மாதிரியும் இருந்தது. மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு சுருட்டின பாய்.

வெள்ளிக்கிழமை பெரியவரைத் தோளில் சுமந்து வந்தார்கள். நாங்களும் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். நாரணசாமியும் உட்கார்ந்திருந்தார், கறுப்புச் சட்டையில். பேச்சுச் சத்தமே இல்லை, கால்களின் சத்தம் மட்டும்தான். பெட்டியைச் சுமந்தவர்களில் முனையில் பார்த்த அந்த வாலிபர்களும் இருந்தார்கள். பெரியவர் எங்களைக் கடந்தார், சுவரைக் கடந்தார். அவருக்குப் பின்னால் பாய்கள் சுமந்த பெண்கள், கடைசியில் குழந்தைகள்.

அவர்களில் ஒருவர்கூட சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷால்வினுக்கு ஏமாற்றம். “யாருமே பாக்கலே, மாமா” என்று என் காதில் சொன்னான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வழியோரம் சரியாக உட்கார்ந்திருப்பவனை யார் பார்ப்பார்கள். எங்களையும்தான் யாரும் பார்க்கவில்லை.

ஓவியம் போடுகிறவனுக்கு இது கஷ்டமான பாடம். நம் படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் நாம் வேலை செய்கிறோம். யாரும் பார்க்காமல் போகும்படி போடுவதும் சில நாள் நம் வேலை. அது எந்த நாள் என்று தாளில் எழுதிக் கொடுக்க முடியாது.

திங்கட்கிழமை கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அடுத்த வாரம் நாரணசாமி குடும்பம் நாந்தியிலிருந்து விமானம் ஏறியது. போகும் வழியில் வாடகைக் காரைச் சுவர்ப் பக்கம் நிறுத்தினார்களாம். நான் அப்போது நமாகாவில் ஒரு கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அப்பனும் மகனும் இறங்கி, பூட்ஸுக்குப் பக்கத்தில் தங்கள் செருப்பைக் கழற்றி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஹெட் டீச்சர் சொன்னார். அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் நம்மில் யாராவது நாட்டை விட்டுப் போனார்கள். என் மூத்த மகளும் இப்போது ஆக்லாந்தில்தான் இருக்கிறாள்.

ஒரு தலைவர் போனால் கிராமத்தில் நூறு இரவுகள் துக்கம் காப்பார்கள். அது முடிந்த பிறகு ஒரு நாள் செமி என் வீட்டுக்கே வந்தார். வண்ணப் பூப்போட்ட சட்டை போட்டிருந்தார், முகத்தில் சிரிப்பு.

“பெயிண்டர், துக்கம் எடுத்தாச்சு. உங்க ஆள் இனிமே எழுந்து நிக்கலாம். ஏணியைப் பிடிக்க நான் வர்றேன்.”

அவராகவே வந்து சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். பிள்ளைகள் முதலில் தாளில் போட்டிருந்த படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, வேனில் ஏணியையும் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சுவரடியில் கூரை நிழல் விழும். நம்ம ஆளின் மடக்கின ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை பிள்ளைகள் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டியும் கத்தரிக்காய்க் கறியும் ஒரு பக்கம் போய், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

“கொஞ்சம் எழுந்திரிங்க கண்ணுங்களா. இவரை நிக்க வைக்கணும்” என்றேன்.

“எதுக்கு?” என்றது முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று, வாய் நிறைய ரொட்டியோடு.

“துக்கம் முடிஞ்சுடுச்சு. இனிமே அவர் நிக்கலாம்.”

அது திரும்பி, சுவரில் குனிந்திருந்த முகத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

“அவர் எழுந்துட்டா நாங்க யார் மடியில உக்காந்து சாப்பிடறது?”

மற்றப் பிள்ளைகளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. செமியைப் பார்த்தேன். அவர் ஏணியை என் தோளில் சாய்த்துவிட்டு, செருப்பை அந்தச் சிவப்பு பூட்ஸுக்குப் பக்கத்தில் கழற்றினார். குனிந்தபடி பிள்ளைகளைக் கடந்து போய், கடைசியில் மேரேக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். யாரோ அவர் கையில் ஒரு துண்டு ரொட்டியை வைத்தார்கள்.

நான் ஏணியைத் திரும்பக் கொண்டுபோய் வேனில் ஏற்றினேன்.